சிஹயாஃபுரு படிக்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போட்டிச் சீட்டாட்டத்தை மையமாகக் கொண்ட ஜப்பானிய மங்கா (படக்கதை) தொடரான சிஹயாஃபுருவை என் மகளுடன் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகப் படித்து வந்தேன். அவள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். நான் வீட்டிலிருந்தபடியே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளின் பெற்றோரும், மகளின் தோழிகளும், சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் குடியிருக்கும் தமிழர்களும் இத்தொடரைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதையின் முடிவை எந்தப் பதிலிலும் வெளிப்படுத்தவில்லை.

இது எதைப் பற்றிய கதை?

அயாசே சிஹயா என்னும் சிறுமி ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, ஃபுக்குய் வட்டாரத்திலிருந்து வட்டாயா அரட்டா என்னும் சிறுவன் அவளுடைய டோக்கியோ பள்ளிக்கு மாற்றலாகி வருகிறான். அவனுடைய ஊர்ப்பேச்சைக் கேட்டு வகுப்பே சிரிக்கிறது. அவனுக்கோ கருட்டா என்னும் சீட்டாட்டத்தில் உலகிலேயே முதல்வனாக வேண்டும் என்ற ஒரே கனவு. அவனுடைய தாத்தா அந்த ஆட்டத்தில் மிக உயர்ந்த பட்டத்தைப் பலமுறை வென்றவர். அதுவரை தன் அக்காள் ஜப்பானின் முதல் அழகியாக வேண்டும் என்பதையே தன்னுடைய கனவாகச் சொல்லிக்கொண்டிருந்த சிஹயாவிடம், அது உன் கனவு அன்று என்று அவன் சொல்லிவிடுகிறான். அந்தச் சொல் அவளுக்குள் தைத்துக்கொள்கிறது. மஷிமா டாய்ச்சி என்னும் வகுப்புத் தோழனும் சேர்ந்துகொள்ள, மூவரும் ஒன்றாக ஆடிப் பழகிப் பின்னர் மூன்று திசைகளில் பிரிகிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் சிஹயா ஒரு கருட்டா மன்றத்தைத் தொடங்க முனையும் இடத்திலிருந்து கதை விரிகிறது. இங்கே நம் பிள்ளைகள் இணைப்பாட நடவடிக்கைக்கு ஆள் சேர்ப்பதைப் போல அவளும் ஐந்து பேரைத் திரட்ட அலைகிறாள். குழுப் போட்டிக்கு ஐந்து பேர் வேண்டும்.

இதை எழுதி வரைந்தவர் யுக்கி சுயெட்சுகு. கொடான்ஷா நிறுவனத்தின் பீ லவ் என்னும் பெண்கள் இதழில் 2007ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2022 ஆகஸ்ட் வரை வெளிவந்து, 50 தொகுதிகளில் நிறைவு பெற்றது. 2009இல் மங்கா டைஷோ விருதையும் 2011இல் கொடான்ஷா மங்கா விருதையும் பெற்றது.

கருட்டா என்பது நம் ஊர்ச் சீட்டாட்டம் போன்றதா? பிள்ளைகளுக்குச் சூதாட்டத்தைப் பழக்குவதாகிவிடாதா?

சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் முகம் சுளிப்பது எனக்குப் புரிகிறது. முதன்முதலில் என் மாமியாரும் இதைத்தான் கேட்டார். கருட்டாவில் பணம் இல்லை, பந்தயம் இல்லை, நல்ல சீட்டு யாருக்கு வரும் என்ற அதிர்ஷ்டத்துக்கும் மிகச் சிறிய இடமே உண்டு. அது கவிதையை மனப்பாடம் செய்து, காதால் கேட்டு, கையால் எடுக்கும் ஆட்டம்.

கருட்டா என்ற சொல் போர்த்துகீசியர் வழியாக ஜப்பானுக்குப் போனது. நம் பாட்டிமார் கடிதத்துக்கும் தாளுக்கும் சொல்லும் கடுதாசியும் போர்த்துகீசிய வழி வந்த சொல்தான். கப்பலில் வந்திறங்கிய அந்தச் சொல் அங்கே கவிதை எழுதிய சீட்டைக் குறிக்கத் தொடங்கியது.

அந்தச் சீட்டுகளில் இருப்பவை ஹியாக்குனின் இஷ்ஷு என்னும் தொகுப்பின் 100 பாடல்கள். நூறு புலவர், ஆளுக்கு ஒரு பாடல் என்பதே அதன் பெயரின் பொருள். ஃபுஜிவாரா நோ டெய்க்கா என்னும் புலவர் 13ஆம் நூற்றாண்டில் தொகுத்தது. ஏழாம் நூற்றாண்டுப் பேரரசர் டென்ஜியில் தொடங்கித் தொகுத்தவரின் காலம் வரை வருகிறது. நூறு புலவர்களில் 21 பேர் பெண்கள். நூறு பாடல்களில் 43 காதலைப் பாடுபவை. ஒவ்வொரு பாடலும் 5, 7, 5, 7, 7 என்ற அசைக் கணக்கில் 31 அசைகள் கொண்டது. முதல் மூன்று அடிகளை மேற்பகுதி என்றும் கடைசி இரண்டடிகளைக் கீழ்ப்பகுதி என்றும் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆட்டம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஆட்டம் எப்படி நடக்கிறது? விதிகள் தெரியாமல் படிக்கலாமா?

படிக்கலாம், ஏனென்றால் கதையே மெல்ல மெல்லக் கற்றுத் தருகிறது. ஆயினும் கீழ்க்காணும் விதிகளை முன்பே அறிந்து சென்றால் முதல் தொகுதியிலேயே ஆட்டத்தின் சூடு உங்களுக்கு உறைக்கும்.

வாசிப்பதற்கு 100 சீட்டுகள், எடுப்பதற்கு 100 சீட்டுகள் என இரண்டு கட்டுகள் உண்டு. வாசிக்கும் சீட்டில் முழுப் பாடலும் இருக்கும். எடுக்கும் சீட்டில் கீழ்ப்பகுதி மட்டும் இருக்கும். அதுவும் ஜப்பானிய அசை எழுத்துகளில், ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டும் சிறு புள்ளிகள்கூட இல்லாமல் அச்சிடப்பட்டிருக்கும். நம் எழுத்தில் ஒரே க வெவ்வேறு ஒலிகளுக்கு நிற்பதைப் போன்றதே இது என்பதால் தமிழருக்கு இதில் வியப்பு ஏற்படாது. எடுக்கும் 100 சீட்டுகளில் 50 மட்டுமே ஓர் ஆட்டத்தில் இறங்கும்; ஆளுக்கு 25 சீட்டுகளைத் தம் முன்னால் மூன்று வரிசைகளில், 87 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடுக்குவார்கள். பிறகு 15 நிமிடம் அமைதி. எந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று இருவரும் மனத்தில் பதித்துக்கொள்வதற்கான நேரம் அது.

வாசிப்பவர் மேற்பகுதியைத் தொடங்கியதும் அதற்குரிய கீழ்ப்பகுதிச் சீட்டை முதலில் தொடுபவருக்கோ, களத்துக்கு வெளியே தள்ளுபவருக்கோ அது சேரும். எதிராளியின் களத்திலிருந்து எடுத்தால், உங்கள் சீட்டு ஒன்றை அவருக்கு அனுப்பலாம். தம் பக்கத்து 25 சீட்டுகளையும் முதலில் தீர்ப்பவரே வென்றவர். சரியான சீட்டு இருக்கும் களத்திலேயே வேறு சீட்டைத் தொட்டால் தவறில்லை. அது இல்லாத களத்தில் கை வைத்தால் தவறு, எதிராளி உங்களுக்கு ஒரு சீட்டைத் தண்டமாகத் தருவார். வாசிக்கப்படும் பாடல்களில் பாதிக்குக் களத்தில் சீட்டே இல்லை என்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. காதில் விழுந்த பாடல் களத்தில் இல்லை என்று தெரிந்து கையை அடக்குவதும் திறமைதான்.

பெரும்பாலான ஆட்டங்களில் நடுவர் இல்லை. யார் முதலில் தொட்டது என்ற வழக்கை ஆடும் இருவரே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் யார் விட்டுக்கொடுக்கிறார், யார் விடாமல் நிற்கிறார் என்பதை வைத்தே ஆசிரியர் பாத்திரங்களின் குணத்தைக் காட்டிவிடுகிறார்.

பாடலின் ஓரெழுத்தைக் கேட்டவுடனே எப்படிப் பாய்ந்து எடுக்கிறார்கள்? அது கதைக்காகச் செய்த மிகையா?

மிகை அன்று. இந்தத் தொடரின் உயிர் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பாடலைப் பிற 99 பாடல்களிலிருந்தும் வேறுபடுத்திக் காட்டும் தொடக்க ஒலிகளைக் கிமரிஜி என்கிறார்கள். தீர்மானிக்கும் எழுத்து என்று பொருள். மு, சு, மே, ஃபு, ச, ஹோ, செ என்ற ஒலிகளில் தொடங்கும் பாடல்கள் ஒவ்வொன்றே உள்ளன. ஆகவே அந்த ஏழு பாடல்களுக்கும் முதல் ஒலியே போதும். 42 பாடல்களுக்கு இரண்டு ஒலிகள் வேண்டும், 37 பாடல்களுக்கு மூன்று. ஆறு பாடல்களுக்கு ஆறாவது ஒலி வரும்வரை காத்திருக்க வேண்டும். அவை இரண்டிரண்டாக முதல் ஐந்து ஒலிகளை ஒன்றாகவே கொண்டவை.

தமிழில் இதை உணர எளிய வழி உண்டு. திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் குறள்களில் ஏழு அன் என்றே தொடங்குகின்றன. மூன்றாம் எழுத்தும் ஏழிலும் பகர வரிசைதான்; உயிர் மட்டுமே மாறுகிறது. அன்போ என்று கேட்டால் 73ஆம் குறள், அன்பு என்று கேட்டால் 75, அன்ப என்று கேட்டால் 78. சேர்த்து ஓதும்போது அன்பீ என்று நீண்டால் 74. ஆனால் அன்பி என்று குறுகிவிட்டால் இன்னும் மூன்று எஞ்சுகின்றன: அன்பிற்கும், அன்பிலார், அன்பின். நான்காம் எழுத்து வரும்வரை கை அசையக் கூடாது. மற்ற மூன்றில் எ என்றதும் 77, பு என்றதும் 79. அற என்றால் 76. இப்போது 71உம் 72உம் ஏற்கெனவே ஓதப்பட்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். உடனே 80ஆம் குறளுக்கு அன்பி என்ற மூன்றெழுத்தே போதுமானதாகிவிடுகிறது. ஆட்டம் நகர நகரத் தீர்மானிக்கும் எழுத்துகள் இப்படிச் சுருங்கிக்கொண்டே வரும். ஆடுபவர் ஓதப்பட்டவை எவை, எஞ்சியவை எவை என்ற கணக்கை ஒவ்வொரு வாசிப்புக்கும் மனத்தில் திருத்தி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

இத்துடன் பி என்பதற்கும் பீ என்பதற்கும் இடையிலுள்ள மாத்திரை வேறுபாட்டை, உயிர் முழுதாக வெளிவருவதற்கு முன்பே வாசிப்பவரின் மூச்சிலிருந்து பிடித்துவிடும் காதையும் சேர்த்துப் பாருங்கள். சிஹயாவின் வரம் அத்தகைய காதுதான்.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு பழைய நிகழ்ச்சியின் வழியாகத்தான். மகள் தொடக்கநிலை நான்கில் படித்தபோது ஒரு குறள் ஒப்புவித்தல் போட்டியில் கலந்துகொண்டாள். மேடையில் 72ஆம் குறளை அன்பிலார் எல்லாம் என்று சரியாகத் தொடங்கி, இரண்டாம் அடியில் என்பும் உரியர் பிறர்க்கு என்று முடிப்பதற்குப் பதிலாக, என்புதோல் போர்த்த உடம்பு என்று 80ஆம் குறளின் முடிவைச் சொல்லிவிட்டாள். இரண்டிலும் முதலடி அன்பில் தொடங்குகிறது, இரண்டாம் அடி என்பில் தொடங்குகிறது. 73ஆம் குறளின் இரண்டாம் அடியும் என்போடு என்றே தொடங்குகிறது. இறங்கி வந்து என் மடியில் முகம் புதைத்து அழுதாள். நான் அன்று, இன்னும் நன்றாகப் படித்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அது தவறான பதில் என்று இப்போது நினைக்கிறேன். நான்கு ஆண்டுகள் கழித்து, சிஹயா அவசரப்பட்டு வேறு சீட்டில் கை வைக்கும் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அவளே தலைநிமிர்ந்து, "அம்மா, அன்னிக்கு நானும் இப்படித்தான். காது கேக்கறதுக்குள்ள கை போயிடுச்சு" என்றாள். படிக்காததால் வரும் தவறு வேறு, மிக நன்றாகப் படித்ததால் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும் தவறு வேறு என்பதை எனக்கு இந்தத் தொடர்தான் பிரித்துக் காட்டியது.

ஜப்பானியம் தெரியாது. பாடல்களைக் கடந்து போய்விட்டால் கதை புரியாதா?

கதை புரியும். ஆனால் பாடல்களைக் கடந்து போகாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்வேன். பாடல் வரும் கட்டத்தில் நின்று, அதன் ஒலியை எழுத்துக் கூட்டியாவது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு பொருளைப் படியுங்கள். ஆங்கிலப் பதிப்பில் பொருள் வந்துவிடுகிறது, ஓசை பெரும்பாலும் நழுவிவிடுகிறது. ஆடுபவர்கள் கேட்பதோ ஓசையை.

எடுத்துக்காட்டாக, ஓனோ நோ கொமாச்சி என்னும் பெண்பாற் புலவரின் ஒன்பதாம் பாடலைச் சொல்லலாம். மலரின் நிறம் வீணே மங்கிப்போனது, நான் நீண்ட மழையைப் பார்த்துக்கொண்டிருந்த பொழுதில் என்பது அதன் மேலோட்டமான பொருள். அதில் ஃபுரு என்ற சொல் மழை பெய்வதையும் காலம் கழிந்து முதுமை வருவதையும் குறிக்கும்; நகமே என்ற சொல் நீண்ட மழையையும் ஏக்கத்தோடு பார்த்திருத்தலையும் குறிக்கும். நாம் சிலேடை என்போம். மலரைப் பாடுவதாகத் தொடங்கியவள் தன் அழகும் இளமையும் போனதைப் பாடி முடிக்கிறாள். சிலேடைக்குப் பழகிய காது நமக்கு இருப்பதால், குறிப்பைப் பார்த்தவுடன் இது பிடிபட்டுவிடும்.

கதையிலும் இதற்கென்றே ஓஎ கனாடே என்னும் மாணவி இருக்கிறாள். கிமோனோ கடைக்காரரின் மகளான அவள், சீட்டை எடுக்கும் வேகத்தைவிடப் பாடலின் பொருளையும் நிறத்தையும் பெரிதாக மதிப்பவள். சிஹயாவின் கண்ணை அவளே திறக்கிறாள். எனக்கு இத்தொடரில் மிகப் பிடித்த பாத்திரம் அவள்தான்.

தலைப்புக்கு என்ன பொருள்?

17ஆம் பாடல் சிஹயாபுரு என்ற சொல்லில் தொடங்குகிறது. அரிவாரா நோ நரிஹிரா பாடியது. தேவர்கள் வாழ்ந்த காலத்தில்கூடக் கேள்விப்படாத காட்சி, டட்சுட்டா ஆறு தன் நீரைச் செக்கச் சிவப்பில் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றியிருக்கிறது என்பது அதன் கருத்து. இலையுதிர் காலத்துச் சிவந்த இலைகள் ஆற்றில் மிதந்து வருவதை, நம் ஊரில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பதைப் போன்ற வேலைப்பாடாகப் புலவர் காண்கிறார்.

சிஹயாபுரு என்பது தேவர்களுக்கு முன் வரும் மரபான அடைமொழி. கட்டுக்கடங்காத ஆற்றலை உணர்த்துவது. கதாநாயகியின் பெயர் அதற்குள்ளேயே இருக்கிறது. சி, ஹ என்ற இரண்டு ஒலிகளே அந்தச் சீட்டைத் தீர்மானிக்கும். தன் பெயரின் முதல் ஒலிகளுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் அவள்.

என் மகன் யூகியோ சீட்டுகளை வாங்கிக் குவிக்கிறான். இதுவும் அப்படிச் செலவு வைக்குமா?

வைக்காது. யூகியோ 1996 முதல் 2004 வரை வார இதழில் வந்த மங்கா. அதிலிருந்து பிறந்த சீட்டுகளைக் கடைகளில் உறை உறையாக வாங்கிச் சேர்த்து, தனக்கென ஒரு கட்டை அமைத்து ஆட வேண்டும். அதிலும் கூர்மையான கணக்கு இருக்கிறது. அதை விரும்பும் பிள்ளைகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். கருட்டாவில் எல்லாருக்கும் அதே 100 சீட்டுகள்தாம். அரிய சீட்டு, விலை மிகுந்த சீட்டு என்று ஒன்றும் இல்லை. எவருடைய நினைவிலும் காதிலும் எவ்வளவு இருக்கிறது என்பதே வேறுபாடு.

எந்த வயதிலிருந்து படிக்கலாம்?

பன்னிரண்டு வயதிலிருந்து தயக்கமின்றிக் கொடுக்கலாம். வன்முறையும் ஆபாசமும் இல்லை. தோல்வியும் பொறாமையும் ஒருதலைக் காதலும் நிறைய உண்டு; தொடக்க அத்தியாயங்களில் டாய்ச்சி செய்யும் ஓர் இழிசெயலும், அரட்டாவை வகுப்பே ஒதுக்கிவைப்பதும் சிறு பிள்ளைகளை வருத்தக்கூடும். ஊரிலிருந்து புதிதாக வந்து, பேச்சு வழக்கு வேறாக இருப்பதால் வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளை நான் என் துணைப்பாட மேசையிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவனுக்கு இந்தப் பகுதியை மட்டும் படிக்கக் கொடுத்தேன். அரட்டா தன் ஊர்ப்பேச்சைக் கடைசிவரை மாற்றிக்கொண்டானா என்பதுதான் அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. மாற்றிக்கொள்ளவில்லை என்றேன்.

பக்கங்களை எந்தப் பக்கமிருந்து படிப்பது?

வலமிருந்து இடமாக. ஒரு பக்கத்துக்குள் கட்டங்களும் பேச்சுக் குமிழ்களும் அப்படியே. அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

50 தொகுதிகள் மிக நீளம். இதன் அசைபடமான அனிமேயைப் பார்த்தால் போதாதா?

அனிமே மிக நன்று. மேட்ஹவுஸ் நிறுவனம் 2011, 2013, 2019 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்று பருவங்களாக எடுத்தது. வாசிப்பவரின் குரலும், தொடங்குவதற்கு முந்தைய அமைதியும், பாய்மேல் கை அறையும் ஓசையும் மங்காவில் கேட்காது என்பதால், முதல் சில பகுதிகளையாவது பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருவது நல்லது என்றே சொல்வேன். ஆனால் மூன்றாம் பருவம் 2020இல் முடிந்துவிட்டது, மங்காவோ 2022இல்தான் முடிந்தது. ஆகவே கதையின் இறுதிக்குப் புத்தகத்தைத்தான் நாட வேண்டும்.

நீளம் பற்றிய குறையில் உண்மை உண்டு. இடைப்பகுதியில் போட்டிமேல் போட்டி வருகிறது, ஒவ்வொரு எதிரணியினருக்கும் ஒரு முன்கதை வருகிறது, பெயர்கள் குழம்புகின்றன. நாங்கள் ஒரு தாளில் பெயர், பள்ளி, ஆடும் முறை என்று எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டோம். ஆயினும் அந்த முன்கதைகளைத் தாண்டிச் செல்ல நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் தோற்றுப்போகும் அணிக்கும் இவ்வளவு பக்கங்களை ஒதுக்கும் விளையாட்டுக் கதை அரிது. முதியவரான மருத்துவர் ஹராடா இளையோருக்குக் கற்பிப்பவராக அறிமுகமாகி, பிறகு தாமும் பட்டத்துக்குக் கை நீட்டும் பகுதியில் அந்தப் பொறுமைக்கு முழுப் பலனும் கிடைக்கிறது.

இது காதல் கதையா, விளையாட்டுக் கதையா?

இரண்டும்தான். சிஹயாவுக்கு அரட்டாவா டாய்ச்சியா என்ற விவாதம் எங்கள் வீட்டிலும் நடந்தது. மகளும் நானும் எதிரெதிர்ப் பக்கம். விளையாட்டுக்காக மட்டும் படிக்க வருபவர்களும் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ரசிக்கவே செய்யலாம். பாடல்களில் ஏறத்தாழப் பாதி காதலைப் பாடும்போது அவற்றை நாள்தோறும் காதில் வாங்கும் இளையோரின் கதையில் காதல் வராமல் இருக்க முடியாது.

கதையில் வரும் போட்டிகள் உண்மையில் நடக்கின்றனவா?

நடக்கின்றன. 1904இல் குரோய்வா ருய்கோ என்னும் பத்திரிகையாளர் விதிகளை ஒழுங்குபடுத்தியதிலிருந்து இன்றைய போட்டிமுறை தொடங்குகிறது. ஆண்களுக்கான மெய்ஜின் பட்டமும் பெண்களுக்கான குவீன் பட்டமும் ஆண்டுதோறும் ஜனவரியில், ஷிகா மாநிலத்து ஓட்சு நகரிலுள்ள ஓமி ஜிங்கூ ஆலயத்தில் முடிவாகின்றன. முதல் பாடலைப் பாடிய பேரரசர் டென்ஜிக்கு எடுக்கப்பட்ட ஆலயம் அது. உயர்நிலைப் பள்ளிகளின் தேசியப் போட்டியும் அங்கேதான், கோடையில் நடைபெறுகிறது. பட்டப் போட்டிகளைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் ஆணும் பெண்ணும், சிறுவரும் முதியவரும் எதிரெதிரே அமர்ந்து ஆடுகிறார்கள்.

சிங்கப்பூரில் எங்கே கிடைக்கும்?

கொடான்ஷா ஆங்கிலப் பதிப்பை 2017இல் மின்னூலாக வெளியிடத் தொடங்கியது. மின்னூல் கடைகளில் தொகுதி தொகுதியாக வாங்கலாம். நாங்களும் அப்படித்தான் மாதம் இரண்டு தொகுதி என்று கணக்கு வைத்துப் படித்தோம். ஜப்பானியம் கற்பவர்கள் நீ ஆன் சிட்டியில் உள்ள கினோகுனியா புத்தகக் கடையின் ஜப்பானியப் பிரிவில் விசாரிக்கலாம். தேசிய நூலக வாரியத்தின் இணைய அட்டவணையிலும் தேடிப் பாருங்கள்; தொடர் இல்லாவிட்டாலும் ஹியாக்குனின் இஷ்ஷு பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மிகுந்த துணையாக இருக்கும்.

படித்து முடித்ததும் ஆட வேண்டும் போல் இருக்கிறது. தமிழில் ஆட முடியுமா?

முடியும், நாங்கள் ஆடுகிறோம். குறளின் முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர் என்ற அமைப்பு இதற்கென்றே செய்யப்பட்டது போல் பொருந்துகிறது. முதலடியை ஓத வேண்டும், இரண்டாம் அடி எழுதிய சீட்டை எடுக்க வேண்டும். அன்புடைமை, விருந்தோம்பல் என அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களின் 20 குறள்களை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த அட்டையில் இரண்டாம் அடியை மட்டும் ஒரே அளவிலான எழுத்தில் எழுதி, கலைத்து, பத்துச் சீட்டுகளை மட்டும் ஆளுக்கு ஐந்தாகப் பாயில் அடுக்குங்கள். மற்ற பத்தும் ஓதப்படும், ஆனால் பாயில் இருக்காது. பிள்ளைகள் முதல் வாரம் இந்த இல்லாத சீட்டுகளுக்குத்தான் அதிகம் கை நீட்டுவார்கள். மனப்பாட நேரம் ஐந்து நிமிடம் போதும்.

ஓதுபவரைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஜப்பானில் போட்டிகளில் வாசிப்பதற்கே தனித் தகுதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். வேகமும் நீட்டமும் ஒவ்வொரு பாடலுக்கும் மாறாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை மாமியார் எடுத்துக்கொண்டார். முதலில் முகம் சுளித்தவர் இப்போது ஞாயிறு மாலைகளில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாமே பாயை விரிக்கிறார். அவருக்கு நான் சொல்லித்தந்த ஒரே விதி, ஜப்பானிய வாசிப்பாளர்கள் செய்வதைப் போல, முந்தைய குறளின் இரண்டாம் அடியை ஓதி முடித்து, ஒரு நொடி முழுதாக நிறுத்தி, அதன் பிறகே அடுத்த குறளைத் தொடங்க வேண்டும் என்பது. என்புதோல் போர்த்த உடம்பு என்று அவர் நீட்டி முடிக்கிறார். மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்கிறது. அவர் மூச்சை இழுத்து அ என்று வாயைத் திறக்கும்போது, மகளின் விரல்கள் பாயிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்கின்றன.